தராசுக்கு முத்திரை உண்டு; இரும்புப் பெட்டிக்கு?

சம்மாந்துறைச் சந்தையிலே வெற்றிலையும் வெங்காயமும் விற்கும் ஏழை வியாபாரியின் தராசுக்கு ஆண்டுதோறும் அரசாங்க முத்திரை குத்தப்படவேண்டும். முத்திரை பழையதாயின் உத்தியோகத்தர் வருவார்; வழக்கு வரும்; நீதிமன்றத்திலே தண்டப்பணம் கட்டவேண்டி நேரிடும். இதில் எமக்கு மறுப்பில்லை. அளவையில் மோசம் செய்தல் ஆகாது என்பதை, களத்திலே மரைக்காலால் நெல் அளந்த காலந்தொட்டே எம்மவர் அறிவர். ஆயினும் ஒன்று கேட்கிறோம். நூறு கிராம் வெங்காயம் குறைந்துவிடக் கூடாதே என்று இத்துணைக் கண்ணுங் கருத்துமாயிருக்கும் அரசு, இருபத்துநான்கு தொன் பாரத்தைத் தாங்குவேன் என்று தன் கதவிலே எழுதிவைத்துக்கொண்டு எமது வயலோரங்களிலும் கடைத்தெருக்களிலும் வந்து குந்தியிருக்கும் இரும்புப் பெட்டியின் முத்திரையை ஏன் கேட்பதில்லை? அந்த முத்திரை உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா என்று ஏன் எவரும் பார்ப்பதில்லை?

கொள்கலன் என்று அரசாங்கத் தமிழிலும் கொண்டெய்னர் என்று ஊர்த் தமிழிலும் வழங்கும் அப்பெட்டியைக் காணாதார் இன்று யாருமில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை வீதியோரமாகச் சென்று பாருங்கள். கடையாக ஒன்று, கட்டட வேலைத்தளத்தில் காரியாலயமாக ஒன்று, பசளைக் களஞ்சியமாக ஒன்று. எமக்கு ஒலுவிலிலே துறைமுகம் ஒன்று 2013ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. பெட்டி ஏற்றிவரும் வணிகக் கப்பல்களைக் காணோம். கரை அரிக்கப்பட்டதும் தென்னந்தோட்டங்கள் கடலுக்குப் பலியானதுமே கண்ட பலன். கப்பல் வராத எமது கரைக்குப் பெட்டி மட்டும் கொழும்பிலிருந்து லொறியேறி வந்துகொண்டிருக்கிறது. அதுவும் கடலிலே உழைத்து ஓய்ந்த கிழட்டுப் பெட்டி.

அப்பெட்டியின் கதவிலே, ஒரு முழங்கை நீளங்கூட இல்லாத உலோகத் தகடு ஒன்று அறையப்பட்டிருக்கும். இருநூறு மில்லிமீற்றருக்கு நூறு மில்லிமீற்றர். அதற்குக் குறையலாகாது என்பது விதி. துருப்பிடியாததாக, தீயில் எரியாததாக, கண்ணுக்குப் படும் இடத்தில் நிரந்தரமாகப் பொருத்தப்படவேண்டும். பெட்டி செய்யப்பட்ட மாதமும் ஆண்டும், அதன் அடையாள இலக்கம், சரக்கோடு சேர்த்து அது கொள்ளத்தக்க உச்ச நிறை, அதன்மேல் அடுக்கத்தக்க பாரம், பக்கவாட்டில் எவ்வளவு விசைக்கு நிலைகுலையாது என்ற சோதனை அளவு ஆகிய யாவும் அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். எந்த நாட்டின் அதிகாரத்தில் இந்த அங்கீகாரம் வழங்கப்பட்டது என்பதும் இருக்கும். 1972ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி ஜெனீவா நகரில் நிறைவேற்றப்பட்டு, 1977 செப்டெம்பர் 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான கொள்கலன்களுக்கான சர்வதேசச் சமவாயமே இத்தகட்டின் தாய்ச்சட்டம்.

நல்ல சட்டம். மனித உயிரைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட சட்டம். துறைமுகத்திலே ஒன்பது பெட்டி ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படும்போது, அடியிலுள்ள பெட்டியின் நான்கு மூலைத்தூண்களும் மேலுள்ள பாரம் முழுவதையும் சுமக்கின்றன. அத்தூண் முறிந்தால் அதனடியில் நிற்பவன் கப்பல் முதலாளியல்லன், கூலித் தொழிலாளி. ஆகவேதான் செய்தவன், சோதித்தவன், உடையவன் ஆகிய மூவரும் பொறுப்பேற்று இத்தகட்டைப் பதிக்கவேண்டும் என்றனர். செய்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் முதற் பரிசோதனை. அதன்பின் முப்பது மாதங்களுக்கு ஒருமுறை. இதுவே விதி.

இத்தனையும் நாம் நூலகத்திலே உட்கார்ந்து ஆராய்ந்து கற்றதன்று. ஒரு மனிதனின் கால் கற்பித்த பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பிரதேசத்து விவசாயச் சங்கமொன்றின் நிருவாகிகள் மூவர் எமது அலுவலகத்துக்கு வந்தனர். வட்டையருகே பசளை மூடைகளை வைப்பதற்கென்று பழைய இருபதடிப் பெட்டியொன்றை வெளியூர் வியாபாரியொருவரிடம் விலைக்கு வாங்கியிருந்தனர். இரண்டு போகம் எவ்விதக் குறையுமின்றிக் கழிந்தது. மூன்றாம் போகத்தில் மாரி முந்திக்கொள்ளும் போலிருந்தது. பள்ளத்திலிருந்த பெட்டியை மேட்டு நிலத்துக்கு நகர்த்த முடிவு செய்தனர். உள்ளே ஐம்பது கிலோ மூடைகள் நூற்றறுபது இருந்தன. இறக்கி ஏற்றுவதற்கு ஒருநாட் கூலி வேண்டும். மழையோ இருட்டிக்கொண்டு வருகிறது. சங்கத்தின் செயலாளர் படித்தவர், கவனமுள்ளவர். அவர் சென்று தகட்டைப் பார்த்தார். உச்ச நிறை 24,000 கிலோகிராம் என்றிருந்தது. மூடைகள் எட்டுத் தொன். பெட்டியின் சொந்த நிறை இரண்டு தொன்னுக்குச் சற்று அதிகம். ஆகப் பத்துத் தொன். தகடு சொல்வதில் பாதிகூட இல்லை. தாராளமாகத் தூக்கலாம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கிலே பிழையேதுமில்லை என்பதைக் கவனியுங்கள். எம்மில் எவரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்போம்.

பாரந்தூக்கி வந்தது. மேல் மூலைகள் நான்கிலும் கொளுக்கி மாட்டப்பட்டது. பெட்டி நிலத்தைவிட்டு ஒரு முழம் எழும்பியதும் ஒரு மூலைத்தூணின் அடிப்பாகம் துருத்தூளாய் உதிர்ந்து கழன்றது. சாய்ந்த பெட்டியின் கீழ் விளிம்பு, கயிறு பிடித்து நின்ற முல்லைக்காரர் ஒருவரின் வலது காலிலே இறங்கியது. நாற்பது வயதும் நிரம்பாதவர். நான்கு பிள்ளைகளின் தகப்பன். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. வரம்பிலே நடந்து பிழைப்பவனுக்குக் கால் போவதென்றால் என்னவென்பதை இப்பத்திரிகையின் விவசாய வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

நாம் நேரில் சென்று அத்தகட்டைப் பார்த்தோம். செய்யப்பட்ட ஆண்டு 1997. அதாவது அப்பெட்டி அப்போதே கிழம். அடுத்த பரிசோதனை எப்போது என்று தேடினோம். திகதியே இல்லை! அதற்குப் பதிலாக ஏ, சீ, ஈ, பீ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் இலக்கமும் ஒட்டப்பட்டிருந்தன. சட்டம் படித்த எமக்கே அவை என்னவென்று அன்று தெரியவில்லை. விசாரித்து அறிய நாட்கள் சென்றன. விற்ற வியாபாரியை வரவழைத்தபோது அவர் சொன்ன மறுமொழி இது:

“தகடு இருக்குத்தானே சேர்! வெளிநாட்டு அரசாங்கம் அடிச்ச தகடு. அதுக்கு மேல நான் என்ன உத்தரவாதம் குடுக்கிற?”

அவர் பொய் சொல்லவில்லை. அவரும் நம்பித்தான் சொன்னார். இங்கேதான் இவ்விடயத்தின் விஷமே இருக்கிறது.

அந்த நான்கு எழுத்துக்களின் கதையைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளை வைத்திருக்கும் பெருநிறுவனங்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே திகதி குறிப்பது தொல்லை என்றன. அவற்றுக்கென்று ஒரு சலுகை வகுக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பரிசோதனைத் திட்டம் என்பது அதன் பெயர். பெட்டி வாடகைக்குக் கைமாறும் போதும் பெரிய பழுது பார்க்கும் போதும் பரிசோதிப்போம். எப்படியும் முப்பது மாதத்துக்குள் ஒருமுறை பரிசோதிப்போம் என்று உடையவர் தம் நாட்டு அரசுக்கு வாக்களிப்பார். அரசு அதனை ஏற்று இலக்கம் கொடுக்கும். அதன்பின் தகட்டிலே அடுத்த பரிசோதனைத் திகதி வேண்டியதில்லை. அந்த எழுத்தும் இலக்கமும் போதும். பெட்டி அந்த நிறுவனத்தின் கையிலிருக்கும்வரை இவ்வேற்பாட்டில் பெருங்குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் நிறுவனம் அப்பெட்டியைக் கழித்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்ட மறுநாள்? பரிசோதிப்பதாக வாக்களித்தவர் போய்விட்டார். வாக்கு மட்டும் தகட்டிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திகதி குறித்திருந்தாலாவது காலாவதியானதைக் கண்டு ஒருவர் ஐயுறுவார். இதற்கோ காலாவதியே கிடையாது! பத்தாண்டு கழிந்தாலும் இருபதாண்டு கழிந்தாலும் புதுப்பெண்ணின் தாலிபோல் மினுங்கிக்கொண்டேயிருக்கும்.

சர்வதேசச் சட்டம் இதனை எண்ணிப் பாராமல் விட்டதா என்றால், இல்லை. அங்கீகாரத்தைப் பழுதாக்கும் விதத்தில் பெட்டியை மாற்றியமைத்தாலோ, அதனைச் சேவையிலிருந்து நீக்கிச் சமவாயத்தின்படி பராமரிக்காமல் விட்டாலோ, அங்கீகாரத்தை அரசு மீளப்பெற்றாலோ, உடையவர் அத்தகட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று அதன் பின்னிணைப்பு வெளிப்படையாகவே விதிக்கிறது. கழற்றிவிட வேண்டும்! நான்கு தறையாணி, ஓர் உளி, ஒரு சுத்தியல், கால் மணி நேர வேலை. இந்தக் கால் மணி நேர வேலையை ஒருவர் செய்திருந்தால் சங்கத்துச் செயலாளர் அன்று நம்புவதற்குத் தகடு இருந்திராது. மூடைகளை இறக்கிவிட்டே தூக்கியிருப்பார், அல்லது தூக்காமலே விட்டிருப்பார். அந்த முல்லைக்காரர் இன்றைக்கும் வரம்பிலே நடந்துகொண்டிருப்பார்.

ஏன் எவரும் கழற்றவில்லை? விடை இலகுவானது. தகட்டோடு கூடிய பெட்டி நல்ல விலை போகும். தகடில்லாப் பெட்டி இரும்பு விலைக்குப் போகும். கடலிலே மனிதனைக் காப்பதற்கென்று பிறந்த தகடு, கரையிலே சரக்கை விற்பதற்கான விளம்பரப் பலகையாகிவிட்டது.

பெட்டியைக் கொண்டுவந்து கதவுக்கும் சாளரத்துக்குமாகப் பக்கச்சுவரை வெட்டுகிறார்களே, அவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். நெளிநெளியாய் மடிக்கப்பட்ட அந்த மெல்லிய உருக்குச் சுவர்தான் பெட்டியைச் சாயாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதை வெட்டிய மாத்திரத்தில் தகட்டிலே பொறித்த எண்கள் யாவும் வெறும் எண்களே. இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் பிழையாகவே வாசிக்கின்றனர். அடுக்கத்தக்க பாரம் 1,92,000 கிலோகிராம் என்று தகட்டிலே கண்டு, கூரையில் எதையும் ஏற்றலாம் என்று நினைக்கின்றனர். தண்ணீர்த் தாங்கி வைத்தவர்களையும் நெல் காயப்போட்டவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த எண் நான்கு மூலைத்தூண்களுக்கு உரியது. கூரைக்கு நடத்தும் சோதனையோ, ஒரு சிறு பலகையளவு இடத்தில் முந்நூறு கிலோ வைத்துப் பார்ப்பது மட்டுமே. நாலைந்து நெல் மூடையின் கனம்! லட்சத்துக்கும் முந்நூறுக்கும் உள்ள தூரத்தை அந்தத் தகட்டை வாசித்து யாரால் அறியமுடியும்?

வாசிப்பதைப் பற்றிப் பேசும்போது மொழியைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். தகட்டிலுள்ள விவரங்கள் குறைந்தது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கவேண்டும் என்கிறது சமவாயம். கடல் கடந்து செல்லும் பெட்டிக்கு ஏதேனும் ஒரு பொதுமொழி வேண்டும். அதனை நாம் ஒப்புகிறோம். கடலைவிட்டு ஏறி, எமது நாட்டிலே விற்பனைப் பொருளாகி, எமது வயலுக்கு வந்தபின்னுமா ஆங்கிலம்? தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பிலே எழுதிவைத்தது. எழுதியது எழுத்திலேயே கிடக்கிறது என்ற எமது நெடுநாள் முறைப்பாட்டை இங்கே விரிக்கப் புகவில்லை. ஆனால் மொழியுரிமை என்றால் படிவம் நிரப்புவதும் பெயர்ப்பலகை எழுதுவதும் மாத்திரந்தான் என்று எண்ணுவோர் அந்த முல்லைக்காரரின் வீட்டுக்கு ஒருமுறை எம்மோடு வரட்டும். வாசிக்க முடியாத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

இனிச் சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். துறைமுகத்திலே நிற்கும் அதிகாரியின் கைகளைக் கட்டுவதும் இதே தகடுதான். சமவாயத்தின் ஆறாவது உறுப்புரை என்ன சொல்கிறது? பெட்டியொன்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரி, அதிலே செல்லுபடியாகும் தகடு இருக்கிறதா என்று சரிபார்ப்பதோடு நிற்கவேண்டும். பெட்டியின் நிலையினால் வெளிப்படையான ஆபத்து உண்டு என்று நம்புவதற்குக் கணிசமான சான்று இருந்தாலன்றி மேலே போகலாகாது. வர்த்தகம் தடைப்படாதிருக்கவே இப்படி எழுதினர். துறைமுகந்தோறும் ஒவ்வொரு பெட்டியையும் மீண்டும் மீண்டும் சோதிப்பதானால் உலக வாணிபம் நின்றுவிடும் என்ற வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். தகடு இருக்கிறதா? இருக்கிறது. போகலாம்! தகட்டை நம்புவது அதிகாரிக்குக் கடமையாகவும், பெட்டியை ஐயுறுவது விதிவிலக்காகவும் ஆகிவிட்டது.

அதுமட்டுமன்று. தகடு சாட்சி சொல்வது இரும்புக்கு. உள்ளிருக்கும் சரக்குக்கு அல்ல. சரக்கைப் பற்றிச் சாட்சி சொல்வது, அதை அடைத்தவர் எழுதிக்கொடுக்கும் கடதாசி. அக்கடதாசியின் யோக்கியதை எத்தகையது? 2007ஆம் ஆண்டு சனவரியில் எம்எஸ்சி நப்போலி என்ற கப்பல் புயலிற் சேதமுற்று இங்கிலாந்தின் தென்கரையிலே தரைதட்டவைக்கப்பட்டது. கரைக்கு வந்ததனால் ஓர் அரிய வாய்ப்புக் கிட்டியது. கப்பலின் மேற்தளத்திலிருந்த சுமார் 660 பெட்டிகளைப் பிரித்தானிய விசாரணையாளர் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தனர். 137 பெட்டிகளின் நிறை, எழுதிக்கொடுத்ததற்கு மூன்று தொன்னுக்கு மேல் வேறுபட்டது. ஐந்திலொன்று பொய்! ஒரு பெட்டியில் வேறுபாடு இருபது தொன். எமது சந்தை வியாபாரியின் தராசிலே இப்படி வேறுபட்டிருந்தால் மறியலுக்கே அனுப்பியிருப்பார்கள். அதன்பின்னும் ஒன்பதாண்டு பேசிப் பேசி, 2016ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி முதற்கொண்டுதான், நிறுத்துச் சரிபார்த்த நிறையின்றிப் பெட்டியைக் கப்பலில் ஏற்றலாகாது என்ற விதி உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

எமது கடலுக்கு வந்த கேட்டை மறந்திருக்கமாட்டீர்கள். 2021 மே மாதம். விவசாயிகளுக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்தாலும் மறவாது. இரசாயனப் பசளையை ஒரே உத்தரவில் தடைசெய்து எமது வயல்களை மஞ்சளிக்கச் செய்த ஆண்டு அது. அதே மே 20ஆம் திகதி, கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. கடலுக்கு வந்து சில மாதமேயான புதுக் கப்பல். 1,486 பெட்டிகள், அவற்றுள் 81 ஆபத்தான சரக்கு. 25 தொன் நைத்திரிக் அமிலம் அதிலே அடக்கம். அமிலப் பெட்டியொன்று கசிவதை மாலுமிகள் மே 11ஆம் திகதியே அறிந்திருந்தனர். எமது இளைஞர்கள் பலர் வியர்வை சிந்தி உழைக்கும் கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும், பின்னர் இந்தியாவின் ஹசீராவிலும் அப்பெட்டியை இறக்கக் கேட்டபோது, வசதியில்லை என்று மறுத்துவிட்டனர். கசியும் பெட்டி கொழும்புக்கு வந்தது. தீ நாட்கணக்காய் எரிந்தது. யூன் 2ஆம் திகதி கப்பல் தாழத் தொடங்கிற்று. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. ஆமைகள் செத்துக் கரை சேர்ந்தன. நீர்கொழும்புக் கரையோரத்து மீனவன் கடலுக்குப் போகலாகாதென்று தடை வந்தது.

அந்த அமிலப் பெட்டியின் தகடு பிழையானதென்று நாம் சொல்லவரவில்லை. அதுவே எமது வாதத்தின் வலு. தகடு சரியாகவே இருந்திருக்கலாம். அமிலத்தைப் பிழையாகப் பொதிசெய்து உள்ளே வைத்தவரைப் பற்றித் தகடு எதுவுஞ் சொல்லாது. பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, விரிப்பு என்ற பெயரிலே எமது நாட்டுக்கு வந்து, கழிவென்று கண்டறியப்பட்டு, மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்று, 2022ஆம் ஆண்டளவில் திருப்பியனுப்பி முடிந்த இருநூற்றுச் சொச்சம் பெட்டிகளின் கதையும் அதுதான். இரும்புக்கு ஒருவர் சாட்சி, சரக்குக்கு வேறொருவர் சாட்சி, நிறைக்கு மற்றொருவர், கேடு வந்தால் மூவரும் ஒருவரையொருவர் காட்டுவர்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கிலே எமது உயர் நீதிமன்றம் 2025 யூலை 24ஆம் திகதி, பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோ அவர்கள் தலைமையிலான ஐவர் குழாத்தின் வாயிலாக, நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி கப்பல் தரப்புக்குக் கட்டளையிட்டது. வழக்கறிஞர் என்ற முறையில் அத்தீர்ப்பை நாம் தலைவணங்கி வரவேற்கிறோம். மாசுபடுத்தியவனே பணம் கட்டவேண்டும் என்ற நியாயத்தை ஒரு சிறிய நாட்டின் நீதிமன்றம் இவ்வளவு உரத்துச் சொன்னது சிறிய காரியமன்று. நிறுவனமோ அதே ஆண்டு செப்டெம்பரில், தம்மால் அதனைச் செலுத்தமுடியாதென்று வெளிப்படையாகவே மறுத்தது. தீர்ப்பு கையிலிருந்தும் பணம் கைக்கு வராத அந்த நிலையை அரசாங்கம் இன்று அனுபவித்துப் பார்க்கிறது. காலை இழந்த முல்லைக்காரர் அதனை முன்பே அனுபவித்துவிட்டார்.

அவருடைய விடயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தை நாம் துணைக்கு அழைத்தோம். வாங்குபவர் தம் தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு உகந்ததாயிருக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் உட்கிடை. விற்பவர் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார். ‘உள்ளபடியே விற்கப்பட்டது’ என்று ஒரு வரி. சங்கம் பசளை வைக்கவென்று வாங்கியதேயன்றித் தூக்கவென்று வாங்கவில்லை என்றார். தகட்டைத் தாம் பதிக்கவில்லை என்றார். பதித்தவரைத் தேடினால், கடலுக்கு அப்பால் ஒரு நிறுவனம்; அது பெட்டியைக் கைவிட்டுப் பல்லாண்டு ஆகிவிட்டது. இடையிலே மூன்று கை மாறியிருந்தது. முடிவில் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு சிறு தொகைக்கு இணக்கமானது. பொய்க்காலின் விலையும் இரண்டு வருடச் சாப்பாடும் அதில் அடங்கும், அதற்குமேல் இல்லை. அன்று நாம் அடைந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

இது சர்வதேச விடயம், நாம் என்ன செய்யமுடியும் என்று சில உத்தியோகத்தர்கள் எமக்குச் சொன்னார்கள். என்ன பேச்சு இது! கப்பலிலேயுள்ள பெட்டி சர்வதேச விடயமாயிருக்கட்டும். சுங்கம் கடந்து, கடலிலிருந்து ஓய்வுபெற்று, மாவடிப்பள்ளி வயலோரத்திலே குந்தியிருக்கும் பெட்டியுமா சர்வதேச விடயம்? அப்பெட்டியைப் பற்றிச் சட்டம் செய்ய எமது பாராளுமன்றத்தைத் தடுப்பவர் யார்? சேவையிலிருந்து நீக்கப்பட்ட எந்தக் கொள்கலனையும் தகடு கழற்றாமல் உள்நாட்டில் விற்பது குற்றம் என்று ஒரு பிரிவு எழுதட்டும். கழற்றாமல் விற்றவர், அத்தகட்டிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் தாமே உத்தரவாதம் அளித்தவராகக் கருதப்படுவார் என்று இன்னொரு பிரிவு எழுதட்டும். இவ்விரண்டாம் பிரிவு இருந்திருந்தால் எமது முல்லைக்காரரின் வழக்கு ஒரே தவணையில் முடிந்திருக்கும். ‘உள்ளபடியே’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னே ஒளிந்துகொள்ள எவருக்கும் இடமிருந்திராது. பெட்டியைத் தூக்கலாமா, கூரையில் ஏற்றலாமா என்ற இரண்டே கேள்விகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விடை எழுதிக் கதவில் ஒட்டித்தான் விற்கவேண்டும் என்பதும் அதிலே சேரட்டும். இதற்குப் பெரும் திணைக்களம் வேண்டாம். தராசுக்கு முத்திரை குத்தும் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர் சந்தைக்கு வரும்வழியிலே இறங்கிப் பார்த்தாலே போதும்.

விலை ஏறிவிடும் என்பார்கள் வியாபாரிகள். தகடு கழன்றால் விலை இறங்கும், ஏறாது. வாங்கும் விவசாயிக்கு அது லாபமே. இழப்பவர், செத்த தகட்டைக் காட்டி உயிருள்ள விலை கேட்பவர் மட்டுந்தான்.

துறைமுகத்திலே உள்ள பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 சனவரியில் நெரிசலைக் காரணங்காட்டி 323 கொள்கலன்கள் நேரடிப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டமை பாராளுமன்றத்திலே பெரும் புயலைக் கிளப்பியது. ஆயுதம் இருந்ததா, போதைப்பொருள் இருந்ததா என்று கட்சிகள் ஒன்றையொன்று கேட்டன. கேட்கட்டும். அப்பெட்டிகளின் தகடுகளை எவராவது பார்த்தனரா, நிறுத்தனரா, அவற்றை ஏற்றிக்கொண்டு எமது வளைந்த வீதிகளிலே இரவிரவாக ஓடும் லொறிச் சாரதியின் உயிருக்கு யார் பொறுப்பு என்று ஒரு உறுப்பினரும் கேட்டதாக நாம் காணவில்லை. கட்சிக்கு லாபமில்லாத கேள்வி போலும்.

எமது பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு, கட்சி வேறுபாடின்றி, மேற்சொன்ன பிரிவுகளின் வரைவை நாம் அனுப்பவிருக்கிறோம். வெறும் வரைவு போதாது; கண்கண்ட சான்று வேண்டும். ஆகையால் சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பகுதி வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் சங்கத்திலோ, கடையிலோ, ஆலையிலோ, பாடசாலை வளவிலோ, பள்ளிவாசல் வளவிலோ பழைய பெட்டி ஒன்று இருந்தால் சென்று பாருங்கள். கதவிலே தகடு இருக்கிறதா, செய்த ஆண்டு எது, அடுத்த பரிசோதனைத் திகதி உண்டா, அல்லது அந்த நான்கு எழுத்தா என்பதைக் குறித்து, பெட்டியின் இலக்கத்தோடு எமக்கு எழுதி அனுப்புங்கள். உடையவரின் பெயர் வேண்டாம். எவரையும் வழக்குக்கு இழுப்பது எமது நோக்கமன்று. ஆங்கிலம் வாசிக்க முடியாதவர்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் மாரி வருமுன் பெட்டியைத் தூக்கவேண்டியிருந்தால், தகடு என்ன சொன்னாலும் சரி, உள்ளேயிருப்பதை இறக்கிவிடுங்கள்; அடிமூலை நான்கையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.